‘காத்திரு’ என்கிற பொத்தான்

கேபின் கதவுகளை எல்லாம் நானே கழற்றிவிட்டேன் சார். நீங்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஸ்டேஷனிலிருந்து வருவீர்கள் என்று பயந்து கழற்றியதல்ல, அதற்கு முன்பே. மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் கேபின் கதவு மட்டும் அதில் இருக்காது. அதைப் பக்கத்து ஹோட்டல்காரருக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். பிளைவுட் என்பதால் புகைகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். கொடுத்ததிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை.

ஏன் அந்தக் கதவை மட்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. இதுவரை யாருமே கேட்கவில்லை. உங்களுக்கு ஊர் பாறசாலை என்கிறீர்கள், தமிழ் நன்றாகவே புரிகிறது. டீ சொல்லியிருக்கிறேன். தம்பானூரில் சொன்ன டீ வந்து சேர்வதற்குள் ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடலாம்.

என் பெயர் உச்சிமாகாளி. மகாளி என்று கூப்பிடுவார்கள். ‘முத்தாரம்மன் இன்டர்நெட் கஃபே’ என்று நான் பலகை மாட்டிய அன்று தெருவே சிரித்தது. அம்மன் பெயரில் மாவு மில் வைக்கலாம், இதை எப்படி வைப்பது என்றார்கள். சிரிக்கட்டும் என்றுதான் வைத்தேன். நான் ஆளே அப்படி சார். மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு என்னைப் பார்த்து நானே சிரித்துவிடுவேன். அப்புறம் அவர்களுக்குச் சிரிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்த வித்தை எல்லாரிடமும் பலித்தது, என் மச்சானைத் தவிர.

மச்சான் என்றால் என் மனைவி கௌசல்யாவின் அண்ணன், திரவியம். பழவங்காடியில் தேங்காய்க் கடை. பிள்ளையாருக்கு உடைக்கிற காயில் பாதி அவர் கடைச் சரக்காகத்தான் இருக்கும். நல்ல மனுஷர். நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வள்ளியூரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய எனக்கு இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. நானும்தான், மறக்க அவர் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடுவோம். உங்களுக்கு அந்தச் சீட்டாட்டம் தெரியுமா? தலையை ஆட்டுகிறீர்கள். நல்லது. நானும் கோட்டைக்குள் இருக்கிற பிச்சுமணியும் ஒரு கட்சி. மச்சானும், அவர் கடையில் கணக்குப் பார்த்த செல்வமணியும் மறுகட்சி. தோற்றுத் தோற்றுக் கைப்புள்ளி எல்லாம் போய்விட்டால் குணுக்கு. அதாவது காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொண்டு, திரும்ப ஜெயிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் பலா இலையைச் சுருட்டி மாட்டுவார்கள். மச்சான் துணி காயப்போடுகிற கிளிப் வைத்திருந்தார். ரோஸ் கலர். காதுக்கு ஒன்று.

பிச்சுமணிக்கும் சட்டப்படி குணுக்கு உண்டுதான். “ஓய், இதோட நான் ஆத்துக்குப் போனா அவ உள்ளயே விடமாட்டா ஓய்” என்று அவர் உடனே கழற்றிவிடுவார். மச்சான் அவரை ஒன்றும் சொல்லமாட்டார். நான் கழற்றினால் மட்டும், “எங்க மாப்ளே கைய கொண்டு போற? ஆம்பளையாக்கும், இருக்கட்டும்” என்பார். நான் கிளிப்போடு கடை மாடியிலிருந்து கீழே இறங்கி ஆட்டோ பிடித்து வீடு வருவேன். ஆட்டோக்காரர்கள் என்னிடம் அன்பாக இருப்பார்கள்.

மச்சான் மகள் நாச்சியாரின் நிச்சயதார்த்தத்தன்று அப்படித்தான் ஆகிவிட்டது. முதல் நாள் தோற்ற தோல்விக்கு அன்று கிளிப். பாயசத் தூக்கோடு பந்தியில் நிற்கிற என்னை போட்டோக்காரர் எடுத்துவிட்டார். அது ஆல்பத்தில் முழுப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு என்னை ‘குணுக்கு மாமா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டவுடன் போனேன். அந்தப் படத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பது நான்தான் சார். பார்த்தால் தெரியும்.

பிறகு செல்வமணி சார்ஜாவுக்குப் போய்விட்டான். ஆட்டம் நின்றது என்று நான் நிம்மதிப்பட்டது ஒரு மாதம். பிராட்பேண்ட் வந்த புதிது. அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு மலையாளி, வேலைவெட்டி முடிந்த நேரத்தில் இருபத்தெட்டை இணையத்தில் ஆடும்படி எழுதி வைத்துவிட்டான். செல்வமணிதான் கண்டுபிடித்துச் சொன்னது. அவன் சார்ஜாவில், பிச்சுமணி மகன் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில் கோட்டைக்குள், நான் இந்த முன்மேஜையில். மச்சானிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அவர் இங்கேயே வந்துவிட்டார். ஐந்தாம் கேபின். அதுதான் கடைசி, அதற்குத்தான் ஒழுங்கான கதவும் கொண்டியும் இருந்தது. நான் அவர் சீட்டை எட்டிப் பார்த்துவிடுவேன் என்று உள்ளே கொண்டி போட்டுக்கொள்வார்.

இதில் ஒரு விதி இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒருத்தர் முறை வந்தால் ஒரு நிமிஷத்துக்குள் சீட்டைப் போட வேண்டும். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக்கோடு தேய்ந்துகொண்டே வந்து சிவப்பாகும். போடவில்லையா, எதிர்க்கட்சி இரண்டு பேருக்கும் திரையில் ஒரு பெட்டி வரும். ‘இந்த ஆட்டக்காரர் அசையவில்லை’ என்று இங்கிலீஷில் எழுதி, கீழே இரண்டு பொத்தான். ஒன்று ‘காத்திரு’. மற்றது ‘வெளியேற்று’. இருவரும் வெளியேற்று என்றால் ஆள் போச்சு, அந்த ஆட்டமும் போச்சு. இருவரில் ஒருத்தர் காத்திரு என்று அழுத்தினாலே போதும், அசையாதவருக்கு இன்னொரு நிமிஷம் கிடைக்கும். எழுதியவன் மனசாட்சி உள்ளவன். ஒரு மனிதன் ஒன்றுக்குப் போகலாம், அடுப்பில் பால் பொங்கலாம் என்று யோசித்திருக்கிறான்.

இந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஒரே இடத்தைப் பார்க்க முடியுமா சார்? “சேட்டா, பிரிண்ட் வருன்னில்லல்லோ.” “அண்ணா, மவுஸ் நகர மாட்டேங்குது.” ரயிலுக்கு நேரமாச்சு என்று ஒருத்தர் டிக்கெட் பார்க்க நிற்பார். நான் எழுந்து போய் பேப்பரைச் சொருகிவிட்டு வருவதற்குள் என்னைத் தூக்கி எறிந்திருப்பார்கள். செல்வமணி, மச்சான் எதை அழுத்துகிறாரோ அதை அழுத்துவான். மச்சான் எனக்கு ஒருதரம்கூடக் காத்திரு என்று அழுத்தியதில்லை. கேபினுக்குள்ளிருந்து குரல் வரும்: “மாப்ளே, நேரம் போவுது கேட்டியா. தூக்கிருவேன், பின்ன சங்கடப்படக் கூடாது.” அவருக்குத் தெரியும், நான் அவருக்கு நாலடி தள்ளி பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. எறிந்துவிடுவார். சீட்டில் தோற்றதைவிட பிரிண்டரில் தோற்றதுதான் அதிகம். கிளிப் மட்டும் அதே கிளிப்.

போன வருஷம் என் அம்மா போனாள். ஆட்டத்தின் நடுவில் போன் இந்த மேஜையில்தான் அடித்தது. என் தம்பி பெண்டாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் எழுந்து நின்று ‘ஆங், ஆங்’ என்கிறேன். கடை முழுக்கக் கேட்டது. இந்தத் தடுப்புகள் ஆள் உயரம்தானே. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் திரையில் நான் இல்லை. என்னை வெளியேற்றியிருந்தார்கள்.

மச்சான் கொண்டியை எடுத்துவிட்டு வெளியே வந்தார். என் தோளில் கை வைத்தார். “அத்தை போயிட்டாளா? பாவம், படுத்துக் கிடக்காம போனா, புண்ணியவதி.” உடனே கார் பிடித்தார், வள்ளியூர்வரை கூடவே வந்தார், பாடை கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கையலம்பிய பிறகு சட்டைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்தார். “துக்கம் துக்கம், குணுக்கு குணுக்கு. நிலுவை வச்சுக்கப்படாதுல்லா மாப்ளே.” எல்லாரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் கொஞ்சம் சிரிப்பு வந்தால் நல்லதுதானே என்று என் தம்பியே சொன்னான். மொட்டைத் தலையில் கிளிப் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். நன்றாகவே எடுப்பாக இருந்தது.

நான் கோபப்படவில்லை சார். கோபம் எனக்கு வராது. கௌசல்யாவுக்கு அது தெரியும். “எங்க அண்ணன் வாய் அப்படி, நீங்கதான் இளகின மனசுக்காரரு” என்பாள். ஊரே அப்படித்தான் சொல்கிறது.

அதற்கப்புறம்தான் மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அறுபதாம் கல்யாணம் முடியட்டும் என்றார் மச்சான். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் கடையில் மறந்து வைத்துவிட்டு இங்கே வந்துவிடுவார். அதனால் கௌசல்யா ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “அண்ணன் பாதி நேரம் உங்க கிட்டத்தான் கிடக்கான். இது உங்க மேசையில இருக்கட்டும்.” இந்த இழுப்பறையில்தான் வைத்தேன். இதோ, இந்த மூலையில்.

அறுபதாம் கல்யாணம் ஓணம் கழிந்து வைத்திருந்தார்கள். ஓணத்துக்கு முந்தின ஞாயிறு அவர் படியேறி வரும்போதே வேர்த்துக் கொட்டியது. பாதிப் படியில் நின்றுவிட்டு ஏறினார். முகம் ஒரு மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

“என்ன மச்சான்?” என்றேன்.

“வாயுவாக்கும். ஒரு சோடா எடு.” குடித்தார். ஏப்பம் வரவில்லை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். “புதுக் கிளிப்பு வாங்கியிருக்கேன் மாப்ளே. இன்னைக்கு நீ தோத்தா, என் கல்யாணப் பந்தி பூரா இதோடதான் விசாரிக்கணும். தாலி கட்டுறப்போ எனக்குப் பக்கத்துல நீதான் நிக்கணும். வீடியோ இருக்கு.”

“நீங்க தோத்தா?” என்றேன்.

“நான் எங்க தோத்தேன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கொண்டி போட்டார். நியாயமான கேள்விதான். அத்தனை வருஷத்தில் அவர் குணுக்குப் போட்டதே இல்லை.

அன்று எனக்கு நல்ல சீட்டு விழுந்தது சார். பிச்சுமணியும் தூங்காமல் ஆடினார். அதிசயமாக ஒரு பிரிண்ட்கூடக் கேட்டு யாரும் வரவில்லை. எல்லாரும் ஓணக்கோடி எடுக்கப் போயிருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் கைப்புள்ளி கரைந்து கரைந்து, அந்த ஒரு ஆட்டத்தில் தோற்கிறவர்களுக்குக் குணுக்கு என்று வந்து நின்றது. மச்சான்தான் கூடுதல் புள்ளி கேட்டுத் துருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆளுக்கு மூன்று சீட்டு மிச்சம். அவர் சீட்டு இறங்க வேண்டும்.

அவர் இறங்கவில்லை. பச்சைக்கோடு தேய்ந்தது.

பக்கத்தில் நாங்கள் பேசிக்கொள்வதற்கு ஒரு கட்டம் இருக்கும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். அதில் மச்சான், ‘மாப்ள ஃபேன்’ என்று அடித்தார். பிறகு ‘மாப்ள’ என்று மட்டும். பிறகு எம் என்கிற எழுத்து. ஒரு எம் இல்லை, வரிசையாக எம், எம், எம் என்று கட்டம் நிறைந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. கை அந்த ஒரு கட்டையில் விழுந்து கிடந்தால் அப்படி வரும். செல்வமணி சார்ஜாவிலிருந்து, ‘என்ன முதலாளி, பாட்டா?’ என்று அடித்தான். பிச்சுமணி ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டார்.

பெட்டி வந்தது. இந்த ஆட்டக்காரர் அசையவில்லை. நான் ‘காத்திரு’ என்று அழுத்தினேன்.

உடனே பிச்சுமணி போன் பண்ணிவிட்டார். “ஓய் மகாளி, கை தவறிடுத்தா? வெளியேத்தும் ஓய். ஜென்மத்துல ஒரு தரம் அவருக்குக் குணுக்கு மாட்டிப் பார்ப்போம்.”

“பாவம் சாமி, ஒன்னுக்குப் போயிருப்பாரு. இருக்கட்டும்.”

“நீர் உருப்படமாட்டீர்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷமும் காத்திரு என்று அழுத்தினேன். அதற்கடுத்ததும். சீட்டில் தோற்கடிக்க வேண்டும், பொத்தானில் ஜெயித்தால் அது ஒரு ஜெயிப்பா என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியதாக எனக்கு ஞாபகம். நாலாம் கேபினில் ஒரு பெண் இருந்தாள், மீரா என்று பெயர், வேலைக்கு மனுப்போட வருவாள். அவள் எழுந்து வந்து, ஐந்தாம் கேபினைக் காட்டி, “சேட்டா, அப்புறத்து நின்னு ஒரு சத்தம். ஆரோ முனகுன்னது போல” என்றாள்.

“அது கேம் சவுண்டாக்கும் மோளே” என்றேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். மரியாதையான பெண்.

இழுப்பறையைத் திறந்து மாத்திரைக் குப்பியை எடுத்து மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. எழுந்து போகவும் நினைத்தேன். ஆனால் நான் எழுந்த நேரம் பார்த்து என் முறை வந்துவிட்டால் என்னைத் தூக்கிவிடுவார்கள். எத்தனை தரம் பட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்ன சார்?

ஆமாம். மச்சான் இறங்காமல் என் முறை எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். வராது. ஆட்டம் அவரிடம்தான் நின்றுகொண்டிருந்தது. அவர் சீட்டைப் போடாதவரை எனக்கு நிமிஷமே ஓடாது. நான் எழுந்து பழவங்காடி போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தாலும் என்னை ஒருத்தரும் வெளியேற்றியிருக்க முடியாது. இருபத்தெட்டு ஆடுகிறவரிடம் சொன்னால் இதுதான் சங்கடம். கௌசல்யாவுக்கு ஆடத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது போலிருக்கிறது.

டீ வந்துவிட்டது. குடியுங்கள், ஆறிவிடும்.

கடைசியில் எழுந்து போனேன். எம் எழுத்து ஓடுவது நின்றிருந்தது, அதனால்தான். அந்தக் கொண்டி வெளியிலிருந்து ஒரு ஸ்கேலை விட்டுத் தூக்கினால் திறந்துவிடும். என் கடை, எனக்குத் தெரியாதா. மச்சான் நாற்காலியில் சாய்ந்து ஒரு பக்கமாகக் கிடந்தார். கை தொங்கிவிட்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, திரையைப் பார்க்கிற மாதிரியேதான். திரையில் அவர் சீட்டு மூன்றும் தெரிந்தது. எதையும் வெட்டுகிற துருப்புக் குலான் அவரிடம்தான் இருந்தது சார். அதைப் போட்டிருந்தால் ஆட்டம் அவருக்கு. கல்யாண வீடியோவில் நான் நின்றிருப்பேன்.

சட்டைப்பையில் கிளிப் இருந்தது. அட்டையோடு, புதுசு. ஒன்றைப் பிரித்தெடுத்து அவர் காதில் மாட்டினேன். அவ்வளவுதான். யாருக்கும் காட்டவில்லை, நான் மட்டும் பார்த்தேன். பெரிதாகச் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் எதைப் பார்த்து அப்படிச் சிரித்தார்களோ தெரியவில்லை. உடனே கழற்றிவிட்டேன்.

கழற்றியபோது கிளிப் கவ்விய இடம் வெளுப்பாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்லச் சிவந்தது. என் காது எத்தனையோ தரம் அப்படிச் சிவந்திருக்கிறது, எனக்கு அந்தச் சிவப்புத் தெரியும். ரத்தம் ஓடுகிற காதுதான் அப்படிச் சிவக்கும். இல்லையா சார்? நீங்கள் எத்தனையோ பிணம் பார்த்திருப்பீர்கள்.

மாத்திரைக் குப்பி முன்மேஜையில் மவுஸுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைப் பழையபடி சாத்திக் கொண்டியை உள்ளே விழ வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். பெட்டி வந்து நின்றுகொண்டிருந்தது. காத்திரு என்று அழுத்தினேன். திரும்ப வந்தது. திரும்ப அழுத்தினேன். பிச்சுமணி போன் பண்ணிப் பண்ணி வைத்தார். அதற்கப்புறம் வெகுநேரம் கழித்துத்தான் நான், “ஐயோ, மச்சான்” என்று சத்தம் போட்டது. மீராதான் ஆம்புலன்சுக்கு போன் செய்தாள்.

அடைப்பு வந்த மாத்திரத்தில் போயிருப்பார், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். துக்க வீட்டில் பிச்சுமணி எல்லார் முன்னிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான் வெளியேத்து வெளியேத்துன்னு கத்தறேன். இந்த மனுஷன் கேக்கல. அவர் போனது தெரியாம, வருவார் வருவார்னு உக்காந்திருந்திருக்கான்.” கௌசல்யா என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “எங்க அண்ணன் உங்களுக்கு ஒருநாளாவது அப்படிக் காத்துக் கிடந்தானா?” என்று கேட்டாள். நாச்சியார் அன்றிலிருந்து என்னைக் குணுக்கு மாமா என்று யாரும் கூப்பிடக் கூடாதென்று புருஷன் வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் மறுக்கப்போவதில்லை. மாத்திரை கையில் இருக்க, மூச்சு இருக்கிறது என்று தெரிந்தே கொடுக்காமல் கதவைச் சாத்தினேன். திரவியம் என்கிற என் மச்சானைக் கொன்றது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை அந்தப் பெட்டி வந்தது, பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் இருந்தது. அவர் எனக்கு ஒருதரம்கூடத் தராத நிமிஷத்தை நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ‘வெளியேற்று’ என்பதை மட்டும் நான் கடைசிவரை தொடவே இல்லை. என்ன இருந்தாலும் எனக்கு இளகின மனசு.